வேரில் போட்ட முத்து

அக்கா,

இன்று காலை காரைக்குடிச் சந்தையில் பச்சை நிலக்கடலை வாங்கப் போயிருந்தேன். செடியோடு பிடுங்கிக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தாள் ஒருத்தி. ஒரு கட்டை எடுத்துத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். மண் உதிர்ந்தது. வேரில் கடுகு கடுகாக ஒட்டியிருந்த உருண்டைகளும் கூடவே உதிர்ந்தன. "அது ஒண்ணுமில்ல, வேரு அழுக்கு" என்று சொல்லிக் காலால் ஒதுக்கிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. குனிந்து நாலைந்தைப் பொறுக்கி வேட்டி முனையில் முடிந்துகொண்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கடலையை விட்டுவிட்டு அழுக்கைப் பொறுக்குகிற ஆளை அவள் அதற்கு முன் கண்டிருக்க மாட்டாள்.

நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அவளை ஒரு வழி பண்ணியிருப்பீர்கள். நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் இருந்தபோது ஒரு கடுதாசியும் நான் எழுதியதில்லை. இப்போது எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு. நடுவில் நிறுத்தி, "என்ன தம்பி, புளுகுறீக" என்று கேட்க மாட்டீர்கள். ஆனாலும் புளுகாமல் எழுதப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை என்று பிறந்தால் ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கப்பல் ஏற வேண்டும். நான் கோயம்புத்தூருக்கு ரயில் ஏறினேன். விவசாயம் படித்துவிட்டு, விவசாய இலாகாவில் ஒரு உத்தியோகத்தோடு திரும்பி வந்தேன். "வெள்ளிக் காசு எண்ண வேண்டிய கை, மண்ணைக் கிண்டப் போகுது" என்று என்னைப் பெற்ற அப்பச்சி எங்கள் ஊர் கானாடுகாத்தான் முழுக்கச் சொல்லித் தீர்த்தார். அதனால் அவர் கண்ணெதிரே எதையாவது சாதித்துக் காட்ட வேண்டும் என்ற வெறி எனக்கு இருந்தது. உங்களிடம் வந்தபோது உங்கள் கஷ்டத்தைப் பார்த்து வந்தேன் என்று சொன்னேன். பாதி உண்மை அதுதான்.

கல்லலுக்கு வெளியே, கண்மாய்க்கு மேற்கே கிடந்த அந்தச் செம்மண் பொட்டல் எங்கள் குடும்பத்து நிலம். உடைமுள்ளும் சரளைக் கல்லுமாகக் கிடந்ததை வெட்டித் திருத்தியது நீங்கள். சிலோன் தோட்டத்துக்குப் போன உங்கள் வீட்டுக்காரர் திரும்பவில்லை. கொஞ்ச நாளில் கடுதாசியும் நின்றுபோயிற்று. உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் அந்தக் காட்டைத் தவிர வேறு நாதியில்லை. அப்பச்சி சொன்ன பேச்சு ஒன்றுதான்: மூன்று வெள்ளாமைக்குள் மண் விளைந்து காட்டினால் நிலம் உங்களிடமே இருக்கும், இல்லையென்றால் முந்திரிக் கன்று வைத்துவிடுவார். முதல் வருஷம் வரகு முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை. இரண்டாம் வருஷம் கடலை போட்டீர்கள். அது மஞ்சள் பாரித்து நின்ற புரட்டாசியில்தான் நான் சைக்கிளில் வந்து இறங்கினேன்.

காடு முழுக்கக் காமாலை கண்டதுபோல் இருந்தது. நடுவில் மட்டும் வட்டமாக ஓர் இடம், ஒரு வில்வண்டி திரும்புகிற அகலத்துக்கு, கருகருவென்று பச்சை. அந்த வட்டத்தைச் சுற்றி நாலு குச்சி நட்டு வேப்பிலை கட்டியிருந்தீர்கள். என்னைப் பார்த்தும் வா என்று சொல்லவில்லை. முதலாளி மகன் என்ற கோபம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

"இது என்னம்மா வேப்பிலை?" என்றேன். அப்போதெல்லாம் உங்களை 'அம்மா' என்றுதான் கூப்பிட்டேன்.

"அங்குட்டே நில்லுங்க தம்பி. ஆத்தா வந்துருக்கா. ஒரு செடியப் பறிச்சுப் பாத்தேன், வேரெல்லாம் முத்துப் போட்டிருக்கு. அம்மை கண்ட எடத்துல வாங்கன்னு சொல்லக் கூடாது. கோவிச்சுக்கிறாதீக."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் செய்தேன். அதை நீங்கள் மறக்கவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் சிரிப்பை மீறி உடம்பில் ஒரு பரபரப்பும் ஓடியது. கடலை வேரிலும் பயறு வேரிலும் முடிச்சுப் போட்டுக் குடியிருக்கும் ஒரு ஜாதி பாக்டீரியா, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகிறது என்று படித்திருந்தேன். புதிதாகத் திருத்திய மண்ணில் அது இருப்பதில்லை என்றும் படித்திருந்தேன். அந்த வட்டத்தில் ஆடு மாடு கட்டினீர்களா, எரு போட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றீர்கள். கூலிக்குக் கடலை பறிக்கப் போன இடத்தில் கிடைத்த கொடியை வேரும் மண்ணுமாகக் கொண்டுவந்து, போன வருஷம் அங்கே படப்பாகக் குவித்து வைத்திருந்தீர்கள். அவ்வளவுதான். பழைய காட்டு மண் அந்தக் கொடி வேரில் ஒட்டிக்கொண்டு வந்து இறங்கியிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

அதை நிரூபிக்க வேண்டும். எரு இல்லை, ஈரம் இல்லை, பாக்டீரியாதான் என்று காட்டினால்தானே அப்பச்சி நம்புவார், இலாகாவும் நம்பும்? அதற்கு வேர் வேண்டும். நீங்கள் தரமாட்டேன் என்றீர்கள். "தலைக்கு மூணு தண்ணி ஊத்தி ஆத்தா எறங்குற வரைக்கும் ஒரு இணுக்கு தொட விடமாட்டேன்." மேலதிகாரியிடம் கெஞ்சி இரவல் வாங்கிய மைக்ராஸ்கோப்பை ஐப்பசிக் கடைசியில் திருப்பி அனுப்ப வேண்டும். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நீங்கள் களை எடுக்கப் போய்விட்டீர்கள்.

மறுநாள் மத்தியானம் நீங்கள் கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போன நேரம் பார்த்து வந்து, ஒரு செடியைப் பிடுங்கினேன். அரசாங்க உத்தியோகஸ்தன், எங்கள் குடும்பத்து நிலத்திலேயே திருடினேன். பிடுங்கியதைத் துண்டில் சுற்றி சைக்கிளில் மாட்டிக்கொண்டு காரைக்குடியில் என் வீடு வரை உச்சி வெயிலில் மிதித்தேன். வந்து பிரித்தபோது வேர் சணல் கயிறு மாதிரி காய்ந்திருந்தது. அது பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாக்டீரியாவுக்குச் சாப்பாடு வேண்டுமே. தட்டைப்பயற்றை வேகவைத்த தண்ணீரில் ஆறினால் கட்டியாக உறைகிற ரங்கூன் கடல்பாசியைக் கரைத்து, துளி சர்க்கரை போட்டு, கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி, இட்லிப் பானையில் அவித்தேன். "இம்புட்டூண்டு சர்க்கரை போட்டா யாரு சாப்பிடுவா? ஏலக்காயாச்சும் தட்டிப் போடவா?" என்று என் மனைவி கேட்டாள். சாப்பிடப் போகிறவன் கண்ணுக்குத் தெரிய மாட்டான் என்றேன். முடிச்சை ஸ்பிரிட்டில் முக்கிக் கழுவி, ஊசியால் நசுக்கி, அந்தச் சாற்றைத் தட்டில் கோடு கோடாக இழுத்து வைத்தேன். இரண்டாம் நாளே தட்டு முழுக்கப் பால் பொங்கினதுபோல் வெள்ளையாகத் திரண்டு நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு உங்களிடம் ஓடி வந்தேன்.

"அக்கா, ஆளைப் பிடிச்சிட்டேன்!" சந்தோஷத்தில் 'அக்கா' என்று வாயில் வந்துவிட்டது.

"எந்த ஆள?" என்று கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "வேப்பிலைக்கு உள்ளார ஒரு குழி கெடக்கு. எலி பறிச்சுருக்கும்னு நெனச்சேன். எலி சைக்கிள்ல வந்துச்சாக்கும்."

எனக்கு முகம் செத்துப்போயிற்று. விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

"கேட்டிருந்தா குடுத்துருக்க மாட்டேன் தம்பி. அது வேற. ஆனாலும் கேட்டுருக்கணும்ல? நாளைக்கு முந்திரி வைக்கணும்னாலும் இப்படித்தான் நான் இல்லாத நேரம் பாத்து வருவீகளா?"

வெட்கமாக இருந்தது. அப்பச்சியின் மகன் என்பதை நான் மறந்திருந்தேன்; நீங்கள் ஒரு நிமிஷமும் மறந்திருக்க முடியாது. மண்ணில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "ரெண்டாம் நாளே பொங்கிருச்சா?" என்று மட்டும் கேட்டீர்கள். ஆமாம் என்றேன்.

"அப்ப அது இதுல்ல. நான் வெதச்ச மூணாம் நாளு காட்டைப் பாத்திருக்கீகளா? பச்சப் பசேல்னு முந்திக்கிட்டு வாரது எல்லாம் களை. கடலை மெதுவாத்தான் மண்ணத் தள்ளிக்கிட்டு வரும். உங்க தட்டுல வந்துருக்கது எந்தக் களையோ."

நான் படித்த படிப்புக்கு அது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. உங்களுக்கு உறைத்தது.

மூன்றாம் தண்ணீர் ஊற்றுகிற அன்று நீங்களாகவே ஆள் விட்டுக் கூப்பிட்டீர்கள். மஞ்சளும் வேப்பிலையும் கரைத்த தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினீர்கள். உள்ளே இருப்பது செத்துப்போகுமோ என்று பயந்தேன். ஆனால் அன்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. பிறகு களைக்கொத்தியால் சுற்றி வெட்டி, ஒரு செடியை மண் கட்டியோடு அலுங்காமல் எடுத்து, நனைத்த சாக்கில் பொதிந்து, மேலே வேப்பிலை போட்டு என் கையில் கொடுத்தீர்கள். "வெயில் படாமக் கொண்டு போங்க. நொந்த உடம்பு."

ரயிலில் கொண்டு போனேன், மடியில் வைத்தபடி.

இந்த முறையும் இரண்டாம் நாள் வெள்ளை பொங்கியது. தொடவில்லை. நாலாம் நாள், ஐந்தாம் நாள் மஞ்சளாகச் சில வந்தன. தொடவில்லை. ஒன்பதாம் நாள் காலை, அந்தக் கொழுத்த கூட்டங்களுக்கு நடுவே, ரவை சிந்தினதுபோல் ஈரமாக மினுக்கிய சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. அவற்றைத் தனியே எடுத்து வேறு தட்டில் இட்டேன். மறுபடியும் அதே நிதானம். பிறகு ஆற்று மணலைக் கழுவி, கடலை வறுப்பதுபோல் இரும்புச் சட்டியில் வறுத்து, மூன்று பூச்சட்டிகளில் நிரப்பி விதை போட்டேன். ஒன்றில் எதுவும் சேர்க்கவில்லை. ஒன்றில் நான் திருடிய செடியின் வெள்ளைப் பொங்கல். ஒன்றில் உங்கள் ரவை. மாதம் ஒன்று கழிந்ததும் முதல் இரண்டும் ஒரே மஞ்சள். மூன்றாவது சட்டியில், உங்கள் காட்டு நடுவே பார்த்த அதே பச்சை. தட்டிக் கொட்டிப் பார்த்தபோது மூன்றாவதன் வேரில் மட்டும் முடிச்சு இருந்தது. ஆள் இவன்தான் என்று அப்போது தெரிந்தது. நான் உட்கார்ந்து அழுதேன் என்று என் மனைவி இன்றும் கேலி செய்கிறாள். அழுதது நிஜம்தான்.

அந்தச் சட்டிகள் முளைத்துக்கொண்டிருந்தபோதே மைக்ராஸ்கோப் போக வேண்டிய நாள் வந்துவிட்டது. அதற்கு முந்தின நாள் கல்லலில் ரயில் ஏறி வந்து பார்த்தீர்கள். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தீர்கள்.

"தம்பி, இதுக ஓடுதுகளே."

"உயிர் இருக்கே அக்கா, ஓடாதா?"

சட்டென்று பின்வாங்கிக் கும்பிட்டீர்கள். நான் விடவில்லை. இது அம்மையும் இல்லை, நோவும் இல்லை, செடிக்குச் சோறு போடுகிற ஜீவன் என்று நீட்டி முழக்கினேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நோவுன்னு நான் எப்பச் சொன்னேன்? ஆத்தா வந்துருக்கான்னுதானே சொன்னேன்" என்றீர்கள். அன்றைக்கு மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ஏலக்காய் தட்டிப் போட்ட கடல்பாசியை இரண்டு தரம் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள்.

மூன்றாவது வெள்ளாமைதான் கடைசி. அது தப்பினால் காடு போயிற்று. ஆடி முடிந்ததும் பாக்டீரியாவைப் புட்டிகளில் வளர்த்து எடுத்து வந்தேன். ஆறின கஞ்சியில் அதைக் கலந்து, விதையில் புரட்டி விதைக்க வேண்டும். உங்களுக்கு ஒரு புட்டி, புதுக்காடு திருத்திய இன்னும் நாலு பேருக்கு ஒவ்வொரு புட்டி. எல்லாரும் சொன்னபடி புரட்டினார்கள். வெயில் பட்டால் அது செத்துப்போகும், நிழலில் உலர்த்துங்கள் என்று சொல்ல நான் மறந்துபோனேன். எனக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். ஈர விதையை மண்ணில் போடுவது வெள்ளாமை செய்கிற நல்ல சம்சாரிக்கு அழகில்லை. அந்த நாலு பேரும் நல்ல சம்சாரிகள். பாறையில் பரப்பி, காய்ந்து கலகலவென்று சத்தம் வரும் வரை வெயிலில் போட்டு, பிறகே விதைத்திருந்தார்கள். நாற்பதாம் நாள் போய்ப் பார்த்தபோது நாலு காடும் மஞ்சள். நாலு வேரும் மொட்டை. நாலாவது ஆள், "ஏதோ தண்ணியக் குடுத்து எங்கள ஏமாத்திப்புட்டீக ஆபீசரே" என்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டு உங்கள் காட்டுக்கு வந்தேன். அப்பச்சி முந்திரிக் கன்றுக்குச் சொல்லி வைத்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும்.

வரப்பு ஏறினேன். காடு முழுக்கக் கருகருவென்று பச்சை.

"பறிச்சுப் பாருங்க" என்றீர்கள். "பறிக்கட்டுமா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டே பறித்தேன். நகத்தால் கீறிப் பார்த்தேன், முடிச்சின் உள்ளே இளஞ்சிவப்பு, உயிரோடு வேலை செய்கிற முடிச்சின் நிறம். விதையை வெயிலில் போடவில்லையா என்று கேட்டபோது, என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தீர்கள்.

"அம்மை கண்ட உடம்ப யாராச்சும் வெயில்ல போடுவாகளா? குடிசைக்குள்ள ஈரத்தரையில பரப்பி, விசிறிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

நான் படித்துத் தெரிந்துகொண்டதை நீங்கள் பக்தியால் செய்திருந்தீர்கள். நான் தெரிந்தும் சொல்ல மறந்ததை, யாரும் சொல்லாமலே செய்திருந்தீர்கள். அடுத்த வருஷம் அந்த நாலு பேருக்கும் நீங்களே போய்ச் சொல்லிக் கொடுத்தீர்கள். அவர்கள் காடும் தேறியது. அந்த மூன்றாம் வெள்ளாமையிலேயே அப்பச்சி காரியக்காரரை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். அவர் வந்து சொன்னதைக் கேட்டுவிட்டு, "சரி, அவளே வச்சுக்கிறட்டும்" என்றார். அவ்வளவே. முந்திரிக் கன்று கண்மாய்க்கு அந்தப் பக்கத்துப் பொட்டலுக்குப் போயிற்று. அன்று சாயங்காலம் உங்கள் மகள் அவித்துக் கொடுத்த கடலையை நாம் மூவரும் வரப்பில் உட்கார்ந்து தின்று தீர்த்தோம். என் வாழ்நாளில் அவ்வளவு ருசியாக எதையும் தின்றதில்லை.

இனி, புளுகாமல் சொல்ல வேண்டியது ஒன்று. அந்த வேலையைப் பற்றி இலாகாவுக்கு ரிப்போர்ட் எழுதினேன். பாராட்டி ஒரு கடிதம் வந்தது. "அதுல என்னயப் பத்தி எழுதுனீகளா தம்பி?" என்று ஒரு நாள் கேட்டீர்கள். எழுதினேன் என்றேன். எழுதவில்லை, அக்கா. கீழே கையெழுத்திட்டவர் கண்டறிந்தார் என்று என்னைப் பற்றி மட்டும்தான் எழுதியிருந்தேன். பொறுத்திருக்கச் சொன்னதும், நிழலில் உலர்த்தியதும் யார் என்று அதில் ஒரு வரி கிடையாது. நீங்கள் மாசிக் காய்ச்சலில் மூன்றே நாளில் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது என்னை அறுக்க ஆரம்பித்தது. சென்ற மாதம் உங்கள் பெயரைப் போட்டுத் திருத்தி ஒரு ரிப்போர்ட் அனுப்பினேன். பதில் வரவில்லை. வராவிட்டாலும் இலாகாவின் காகிதக் கட்டுக்குள் உங்கள் பெயர் இருக்கும்.

உங்கள் மகள் காட்டை ஜோராக வைத்திருக்கிறாள். என் புட்டி அவளுக்கு வேண்டாம். மண்ணிலேயே வேண்டியது ஊறிவிட்டது. சுற்று வட்டாரத்தில் யார் புதுக்காடு திருத்தினாலும் அவளிடம் வந்து ஒரு கூடை மண் வாங்கிப்போய்த் தங்கள் காட்டில் தூவுகிறார்கள். அவ்வளவு சட்டியும் தட்டும் ஊசியுமாக நான் பட்ட பாடு, ஒரு கூடை மண்ணில் அடங்கிவிட்டது. எனக்கு இதில் வருத்தமில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

இதைக் கேளுங்கள். அப்பச்சி வைத்த முந்திரியில் பாதிக்கு மேல் பட்டுப்போயிற்று. இந்த ஆவணியில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொட்டல்ல கடலை வந்தா என்னடா?" என்றார். மண் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்றேன். யாரிடம் என்று அவர் கேட்கவில்லை. வண்டி கட்டச் சொன்னார்.

வரப்பில் ஏறுமுன் செருப்பைக் கழற்றிவிட்டார். யாரும் சொல்லவில்லை. அவருடைய நிலத்தில், உங்கள் மகள் முன்னால் நின்று, "ஒரு கூடை மண்ணு வேணும் ஆத்தா. தருவியா?" என்று கேட்டார். அவள் உங்களைப் போலவே ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அள்ளிக் கொடுத்து, வேப்பிலையால் மூடினாள். "வெயில் படக் கூடாது அய்யா. நடுவழியில எறக்கி வைக்கவும் கூடாது. அம்மா சொல்லும்."

கண்மாய்க் கரையில் வண்டி போகாது, ஒற்றையடிப் பாதை. அப்பச்சி என்னைப் பார்த்தார். நான் சும்மாடு சுற்றிக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டேன். நல்ல கனம். ஈரம் கசிந்து பிடரியில் இறங்கியது. அவர் குடையை எடுத்துக் கூடைக்கு மேல் பிடித்தபடி பின்னால் வந்தார். எதிரே புல்லுக்கட்டோடு நாலைந்து பெண்கள் வந்தார்கள். "என்ன ஆபீசரு, கூடை சொமக்கீக? உள்ள என்ன?" என்று ஒருத்தி கேட்டாள். படித்ததெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது.

"ஆத்தா வாரா. கொஞ்சம் வழி விடுங்க" என்றேன்.

அவர்கள் கட்டை இறக்கி வைத்துவிட்டுக் கரையோரம் ஒதுங்கி, கையெடுத்துக் கும்பிட்டு நின்றார்கள்.